இவருக்குப் பதில் இவர்

அருமனைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் உண்டு. சபை நாள் ஆராதனை முடிந்ததும் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அடுப்படி ஆண்கள் பொறுப்பு. முந்தின நாள் மத்தியானமே சபைப் பந்தலில் கூடி, காய் வெட்டி, கண் எரிய எரிய உள்ளி உரித்துக் கொடுப்பது பெண்கள் பொறுப்பு. வேலைக்கு நடுவில் ஊர்க்கதை பேசக்கூடாது என்று போதகர் போன வருஷமே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அதனால் இவர்கள் சீரியல் கதை பேசினார்கள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே!

சீரியலின் பெயர் 'நித்திலா'. மத்தியானம் இரண்டரைக்கு வரும். நித்திலா என்கிற மருமகளை வேதவல்லி என்கிற மாமியார் ஐந்து வருஷமாகப் படுத்துகிற பாடுதான் கதை. போன வாரம் நித்திலாவின் கார் மலையிலிருந்து உருண்டது. முகமெல்லாம் கட்டு. திங்கட்கிழமை டாக்டர் கட்டை அவிழ்த்தார், உள்ளே வேறொரு நடிகை இருந்தாள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று அடியில் ஒரு வரி ஓடியது. அந்த ஒரு வரியில் சபைப் பெண்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.

பழைய நித்திலா கட்சிக்குத் தலைவி குளோரி. பெண்கள் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. புது நித்திலா கட்சிக்குப் பூங்கனி. பாலர் பள்ளி டீச்சர், குரல் கொஞ்சம் கனம். அவளுடைய போன்தான் பூசணிக்காய்மேல் சாய்த்து வைக்கப்பட்டு, இரண்டரை மணிக்காகக் காத்திருந்தது.

"அவ கரைஞ்சா நமக்குக் கண்ணு நெறையும். இவ கரையும்போ சளி பிடிச்சிருக்குண்ணு தோணுது" என்றாள் குளோரி.

"எக்கா, பழையவ அஞ்சு வருசமா கரையாம வேற என்ன செய்தா? மாமியாக்காரி காப்பியில விஷம் கலக்கினா, கரைஞ்சா. தாலிய ஒளிச்சு வச்சா, கரைஞ்சா. இவ வந்து ரெண்டாம் நாளே வேதவல்லிக்க கன்னத்துல ஒண்ணு குடுத்தா, பாத்தியளா?" என்றாள் பூங்கனி.

"அதத்தான் நானும் சொல்லுதேன். நித்திலா கை ஓங்கமாட்டா. ஓங்கினா அவ நித்திலா இல்ல."

உள்ளி கேட்டு வந்த சமையல் தங்கையன் வாளியோடு அங்கேயே நின்றுவிட்டார். "எனக்கு இந்த சீரியல் பாக்கிற பழக்கமே கிடையாது" என்று ஆரம்பித்தார். "ஆனாலும் நியாயத்த சொல்லணும். காருக்க பிரேக்க வெட்டுனது வேதவல்லி இல்ல. சித்தப்பன். போன செவ்வாக்கெழம தெளிவா காட்டினான்."

பந்தலே சிரித்தது. ஷீஜாவும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு, கொஞ்சம் பிந்தி.

ஷீஜா ஓர் ஓரத்தில் பச்சை மிளகாய் வெட்டிக்கொண்டிருந்தாள். ராஜகுமாரைக் கட்டி மார்த்தாண்டத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம் ஆகிறது. ராஜகுமாருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி செசிலி மஞ்சள்காமாலையில் போய் மூன்று வருஷம். அந்தச் செசிலிதான் இந்தக் கூட்டத்தின் உயிர்; குளோரிக்கு உயிருக்கு உயிர்.

ஷீஜாவை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் கஷ்டமே. அவர்களுக்குள் 'ஏட்டி', 'வாட்டி', 'போட்டி' என்று மாடு மேய்க்கிற மாதிரி ஒருத்தியை ஒருத்தி விரட்டுவார்கள். இவளிடம் மட்டும் 'வாங்க', 'இருங்க', 'உங்களுக்குக் கை எரியும், விடுங்க'. கலெக்டர் சம்சாரத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது. ஒருத்தியாவது தன்னை ஏட்டி என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று அவள் ஏங்கிப் போயிருந்தாள். இன்றைக்கும் இப்படியே கழிந்தால், இனி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தன் பழைய சபைக்கே போய்விடுவதாகக் காலையில் ராஜகுமாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவர் பாவம், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

சண்டை சூடுபிடித்தது. புது நித்திலா பட்டுச்சேலையில் படியிறங்கி வந்த அழகைப் பூங்கனி தலையில் தூக்கி வைத்து ஆடினாள். குளோரிக்குப் பொறுக்கவில்லை.

"ஒருத்தி இருந்த எடத்துல இன்னொருத்தி வந்து உக்காந்தா ஆச்சா? அவளுக்க சேலைய உடுத்து, அவளுக்க வீட்டுல நடந்தா, இவ அவளாயிருவாளா?"

பக்கத்திலிருந்த அஜிஷா குளோரியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். குளோரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனசில் ஒன்றையும் வைத்து அவள் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஷீஜாவுக்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது.

"நான் டிவியில உள்ளதயாக்கும் சொன்னேன்" என்றாள் குளோரி, ஷீஜாவைப் பார்த்து. "நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க."

அந்த 'நீங்க' இன்னும் கொஞ்சம் வலித்தது.

"நான் என்ன நெனைக்க?" என்று ஷீஜா வாய்கூசாமல் பொய் சொன்னாள். "எனக்கு அந்த அடிக்கிற சீன் ரொம்ப இஷ்டம்."

பேச்சை எப்படியாவது திருப்பினால் போதும் என்றிருந்த பூங்கனி இதைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நடிச்சுக் காட்டுங்க. குளோரி எக்கா வேதவல்லி. உருவத்துக்கும் பொருத்தம்."

"ஆருட்டி வேதவல்லி?" என்று குளோரி பாய்ந்தாள். ஆனால் எல்லோரும் கைதட்டவும், தான் செய்த தப்பைச் சரிக்கட்ட இதுவும் ஒரு வழிதான் என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையை உதறி எழுந்துவிட்டாள்.

ஷீஜாவும் எழுந்தாள். இவர்களுக்குத் தெரியாத ஒன்று, பழைய சபையில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷம் அவளுக்குத்தான். ஆண்கள் யாருக்கும் அந்தக் குரல் வரவில்லை.

குளோரி இடுப்பில் கைவைத்து, சென்னைப் பேச்சுக்குத் தாவினாள். "யாருடி நீ? இந்த வீட்டு வாசலை மிதிக்க உனக்கு என்ன தகுதி இருக்கு?"

"நான் நித்திலா!" என்றாள் ஷீஜா. தங்கையன் வாளியைக் கீழே வைத்தார். "இந்த வீட்டு மருமக. என் முகம் மாறியிருக்கலாம், மனசு மாறல. இத்தனை நாள் நான் பொறுமையா இருந்தேன்..."

அதுவரைக்கும் வசனம் சரியாகத்தான் போனது. அதற்குமேல் என்ன வசனம் என்பது அவளுக்கு மறந்துவிட்டதா, அல்லது வேண்டாம் என்று தோன்றியதா, பிறகு கேட்டபோது அவளுக்கே தெரியவில்லை.

"ஆறு மாசமாச்சு நான் இஞ்ச வந்து. வாங்க இருங்கண்ணு எல்லாரும் சொல்லுதிய. ஒரு நாளாவது, வாட்டி, ரெண்டு வாய் தின்னுண்ணு ஆராவது சொன்னியளா? நான் ஆருக்க எடத்துலயும் உக்கார வரல்ல. அவளுக்க எடம் அவளுக்கே இருக்கட்டு. கொஞ்சம் நீங்கி இருந்து எனக்கு ஒரு ஓரம் தாங்க. அது போதும்."

"இந்த வசனம் சீரியல்ல இல்லியே" என்று தங்கையன் முணுமுணுத்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஷீஜாவின் கை ஓங்கியிருந்தது. நாடகத்து அடி கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட வேண்டும். ஏரோதாக இருந்து எத்தனையோ சேவகர்களை அவள் அப்படி அடித்தவள்தான். ஆனால் குளோரி அந்தப் பேச்சைக் கேட்டு அதிர்ந்து, தன்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வந்துவிட்டாள்.

பளாரென்று விழுந்தது.

பெண்கள் சங்கத் தலைவியை அடித்த கை. அதுவும் பச்சை மிளகாய் வெட்டிய கை. கன்னத்தோடு நிற்காமல் கண்ணையும் தொட்டுவிட்டது.

"எக்க அம்மோ, கண்ணு போச்சே! ஏட்டி, கொன்னுட்டியேட்டி!" என்று குளோரி சபை கோபுரத்துக்குக் கேட்கும்படி அலறினாள்.

அஜிஷா தண்ணீருக்கு ஓடினாள். தங்கையன் தேங்காய் எண்ணெய்க்கு ஓடினார். ஷீஜா மட்டும் பயத்தில் அங்கேயே நின்றாள். அந்தப் பயத்துக்கு நடுவிலேயே காதில் விழுந்தது மனசுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்றல்ல, இரண்டு ஏட்டி. அவளுக்கே. அடக்க அடக்க அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சிரிக்கியாட்டி? அடிச்சுட்டு நின்னு சிரிக்கியா?"

"இல்ல எக்கா, இல்ல" என்று ஷீஜா கிட்டே ஓடினாள்.

"கைய கொண்டு தூரப் போ! இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு!"

மிளகாய்க் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஷீஜா குளோரியின் கண்ணில் ஊதினாள். தண்ணீர் வந்தது. எண்ணெய் வந்தது. எரிச்சல் மெல்ல அடங்கியது. ஆனால் குளோரியின் அழுகை மட்டும் அடங்கவில்லை. பூங்கனிதான் முதலில் கவனித்தாள். கேலி பேச வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள்.

"அவ எனக்க கூட்டுக்காரி" என்றாள் குளோரி, முந்தானையில் மூக்கைச் சிந்தி. "ஒண்ணாப் படிச்சோம். அவ போன பொறவு எனக்கு அசனச் சோறே எறங்கல்ல. உனக்க மொகத்தப் பாத்தா, அவ இல்லைண்ணு ஓர்மை வருது. அதனால நான் பாக்காம இருந்தேன். உனக்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல மக்கா. நீ என்ன செய்வ?"

ஷீஜாவுக்கும் கண் நிறைந்தது. மிளகாய்க் கையால் துடைக்கவும் முடியாது. "எக்கா" என்றாள், "அவங்க எப்படி இருந்தாங்கண்ணு எனக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டா வீட்டுல அவரு வாயே தொறக்கமாட்டாரு. நீங்களாவது சொல்லுங்க."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். இப்படி யாரும் தங்களைக் கேட்டதில்லை. செசிலி பெயரை இவள் முன்னால் எடுக்கக்கூடாது என்று ஆறு மாசமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். கட்டு அவிழ்ந்தது. ஆளுக்கொன்றாக ஆரம்பித்தார்கள்.

"ஒரு தடவ, நித்திலாவுக்கு முதுகெலும்புல ஆபரேசன் வந்துதுல்லா?" என்று பூங்கனி தொடங்கும்போதே சிரித்துவிட்டாள். "அந்த வெள்ளிக்கெழம வீட்டு ஜெபத்துல போதகர், ஆருக்காவது ஜெபிக்கணுமாண்ணு கேட்டாரு. செசிலி எழும்பி, 'நித்திலாவுக்காக ஜெபிக்கணும் ஐயா, டாக்டர்மாரு கைய விரிச்சாச்சு'ண்ணா. அவருக்கு என்ன தெரியும்? புதுசா வந்தவரு. முட்டுகுத்தி நின்னு, 'சகோதரி நித்திலாவை எழுப்பித் தாரும் ஆண்டவரே'ண்ணு உருகி உருகி ஜெபிச்சாரு."

"நாங்க எல்லாரும் ஆமென் சொன்னோம்" என்றாள் குளோரி. "வேற என்ன செய்ய?"

"திங்கக்கெழம நித்திலா எழும்பி நடந்தா, கேட்டியளா?" என்றார் தங்கையன். "நான் பாக்கல்ல. சொன்னாங்க."

ஷீஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மாசமாக ஒரே வீட்டில் ஒரு படமாக மட்டும் இருந்த செசிலியை அவளுக்கு முதன்முதலாகப் பிடித்துப்போனது. உயிரோடு இருந்திருந்தால் இவளோடு நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

பூசணிக்காய்மேல் சீரியல் பாட்டு கேட்டது. இரண்டரை. எல்லோரும் போனை நோக்கித் திரும்பினார்கள். குளோரி ஒரு கண் வீங்கி, மறு கண்ணால் பார்த்தாள். புது நித்திலா பூஜையறையிலிருந்து விளக்கோடு நடந்து வந்தாள்.

"நடக்கிறதப் பாரு. கால்ல முள்ளு தச்ச மாதிரி" என்றாள் குளோரி. கட்சி மாறுகிற எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் கிடையாது.

"எக்கா, ஒத்தக் கண்ணால பாத்தா அப்படித்தான் தோணும்" என்றாள் ஷீஜா.

அஜிஷா குளோரியின் முகத்தைப் பார்த்தாள். குளோரி தலையைத் திருப்பவேயில்லை. "மிண்டாம இருந்து மொளவ வெட்டுட்டி."

ஷீஜா மிளகாயை வெட்டினாள். வாயை மூடவில்லை. புது நித்திலாவின் நடைக்காகவும், அழுகைக்காகவும், அந்த ஓர் அடிக்காகவும், உள்ளி தீருகிறவரை குளோரியோடு தொண்டை கம்மக் கம்ம வாதாடினாள்.