ஊர்மிளை தூங்கும் அறை

“தூங்குற மாதிரி நடிக்கணுமா? நிஜமா தூங்கவே எனக்கு வழியக் காணோம்!” என்று தங்கை சிரித்தாள்.

அக்காவுக்கு ஜன்னல் வெளிச்சம்தான் கவலை. இதிகாசப் பெண்களை இன்றைய வீடுகளில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கண்காட்சிக்கு ஊர்மிளை மட்டும்தான் பாக்கி. அண்ணனோடு காட்டுக்குப் போன இலக்குவன் கண் மூடாமல் காவல் நிற்க, அவன் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிய மனைவி.

“எங்க வீட்டுக் கதையேதான். அண்ணன் ஒரு குரல் கொடுத்தாப் போதும், இவருக்குப் பொண்டாட்டி மறந்துபோகும்.”

தங்கையின் கணவன் தன் அண்ணனின் லாரியை ஓட்டக் கடல் தாண்டிப் போயிருந்தான். அன்றிலிருந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. கண்ணுக்கடியில் மை ஈஷியதுபோல் கறுத்திருந்தது.

“வாயை மூடிட்டுப் படுடி. வெளிச்சம் நகர்ந்துடும்.”

தங்கை கட்டிலில் பாதியை விட்டு ஒதுங்கிப் படுத்தாள். காலியிடத்தின் மேல் கையைப் போட்டுக்கொண்டாள். அக்கா அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாலைந்து படம் எடுப்பதற்குள் வாய் லேசாகத் திறந்து, மூச்சு கனத்தது. நடிப்பில்லை.

தலையணையோரம் தங்கையின் போன் அதிர்ந்தது. அக்கா பாய்ந்தெடுத்து வெளியே வந்தாள்.

“அக்காவா? அவ எங்க?” கணவன்தான். அங்கே இரவு; எஞ்சின் இரைந்தது.

“தூங்குறா தம்பி.”



“அதானா... சொன்னாச் சிரிப்பீங்க. இங்க வந்ததுலேர்ந்து வண்டியில உக்காந்தாலே கண்ணு சொக்கும். இப்பகூடப் பள்ளத்துப் பக்கம் போயிட்டேன். திடீர்னு யாரோ தூக்கத்த உருவி எடுத்த மாதிரி தெளிஞ்சிடுச்சு.”

“ஓரமா நிறுத்திப் படுங்களேன்.”

“மலைப்பாதை, அக்கா. இறங்குற வரைக்கும் நிறுத்த இடமில்ல. அவள எழுப்பிடாதீங்க.” சிரித்தான். விளையாட்டாகச் சொன்னானா என்று குரலில் தெரியவில்லை.

அறைக்குத் திரும்பினாள். வெயில் தங்கையின் கழுத்துவரை ஏறியிருந்தது. இன்னும் சற்றில் முகத்தில் விழும். அக்கா ஆசைப்பட்ட படம் அதுதான். அவன் சொன்னதை நம்புவது பைத்தியக்காரத்தனம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஷட்டரை அழுத்தினாள்.

அந்தச் சின்ன ‘டக்’குக்கே தங்கையின் இமை துடித்தது.

அக்கா கேமராவைத் தரையில் வைத்தாள். வெயில் கன்னத்தைத் தொடுமுன் திரைச்சீலையை ஓசைப்படாமல் இழுத்து மூடினாள். பிறகு, யாரும் வந்து அழைப்பு மணியை அழுத்திவிடக் கூடாதே என்று வாசல் கதவைத் திறந்துவைத்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.