ஏரித் தண்ணீர்தான் வேண்டும்

ஏரிக்குள் இறங்கி நடந்த ராஜவேலுவின் தலையில் பித்தளைக் குடம் வெயிலில் கொதித்தது. இறந்துபோன அண்ணன் பெரியதம்பியைக் கடைசியாகக் குளிப்பாட்ட ஏரித் தண்ணீர்தான் வேண்டும். ஊர் வழக்கம் அது. பின்னால் அண்ணி கிளியம்மாளின் தம்பி வேணுவும் ஒரு மேளக்காரரும் வந்தார்கள். தண்ணீரைத் தேடி நடந்த நடைக்கு மதராஸே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நடு ஏரியில் எருமை ஒன்று படுத்திருந்தது. அதற்கடியில்தான் மிச்ச ஏரி இருந்தது.

"எருமைய எழுப்பாத மச்சான். அது முதுவுல ஒட்டிக்கினு ஏரியும் போய்டும்," என்றான் வேணு.

மேளக்காரர் சிரிப்பை மறைக்க மேளத்தை ஓங்கி அடித்தார். ராஜவேலு குடத்தை இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டான்.

இந்த ஏரியின் அலைக்கு மரக்காணத்துக் கட்டுமரமே கவிழ்ந்துவிடும் என்பார் பெரியதம்பி. ஏரிக்கு வரும் ஓடை ஒரு காலத்தில் மாசி வரை ஓடியது. பிறகு தை வரை. அப்புறம் கார்த்திகையிலேயே நின்றது. கரைக்குக் கீழே அவருடைய நெல் கருகியது. முருகனுக்குக் கோபம் என்று முடிவுகட்டி, பங்குனி உத்திரம் தவறாமல் மயிலத்துக்குக் காவடி எடுத்தார். ஓடைக்காகக் காவடி எடுத்தவர் ஈரேழு உலகத்திலும் அவர் ஒருவர்தான்.

சொம்பும் விசிறியுமாகக் கூடவே நடந்தவன் ராஜவேலு. மேற்கே தன் பனங்காட்டு மறைவில் அந்த ஓடையை மறித்து, வருஷா வருஷம் கரையை உயர்த்தி, கரும்புக்கு இறைத்துக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

இந்த வருஷம் காவடி இறக்கியவர் வெயில் தாக்கிப் படுத்தார். "அட்த்த வருசம் ஓடும்டா தம்பி," என்றார். அதோடு சரி.

"இது வெறும் சேறு. நீங்க ஊட்டுக்குப் போங்க, நான் எடுத்தாறேன்," என்றான் ராஜவேலு.

"எங்கேந்து?"

"எங்கேந்தாவது."

அவன் தனியாக மேற்கே நடந்தான்.

வாசலில் பெரியதம்பியை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டியிருந்தார்கள். ராஜவேலு கொண்டுவந்த குடத்தை வேணு எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், கண்ணாடியாட்டம் கீது?"

ராஜவேலு குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஊத்து தம்பி. தாகத்தோட போனாரு," என்றாள் கிளியம்மாள்.

ஊற்றினான். தலையில் வழிந்த தண்ணீரோடு விரல் நீளக் கெண்டை ஒன்று பெரியதம்பியின் மடியில் விழுந்து துள்ளியது. மேளம் நின்றது. ஒப்பாரி நின்றது. ஊரே அந்த மீனைப் பார்த்தது.

கிளியம்மாள் அதை இரண்டு கையாலும் அள்ளி, குடத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் விட்டாள். குடத்தை ராஜவேலுவிடம் நீட்டினாள்.

"செத்துடப்போவுது. ஜல்தி எட்த்த எடத்துலயே உட்டுட்டு வா."

வாங்கிக்கொண்டு நின்றான். உள்ளே மீன் முட்டுவது, குடத்தைப் பிடித்திருந்த விரல்களில் தெரிந்தது.