ஜமேதாருக்கு மூன்றடி

ஆம்பூர் கடைத்தெருவில் நயீம் அகமதின் பூனையை யாரும் 'அது' என்று சொன்னதில்லை. பெயர் ஜமேதார், அந்தக் காலத்துப் பட்டாளத்தில் ஒரு அதிகாரிப் பதவி. பேசும்போது 'அவர்'. ஏழு கிலோ எடை, சாம்பல் உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. நயீமின் தோல் கிடங்கில் அடுக்கிய கட்டுகளின் உச்சியில் அவர் உட்கார்ந்திருப்பார். சரக்கு பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். சலாம் வைக்காதவர்களுக்கு நயீம் பாய் விலையை ஜாஸ்தி சொல்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. நயீம் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. அந்தப் பேச்சால் சலாம் பெருகியது.

அப்பேர்ப்பட்ட ஜமேதார் ஒருநாள், உட்கார்ந்திருந்த அடுக்கு சரிந்து, தானும் சரிந்து, இடது முன்னங்காலை முறித்துக்கொண்டார். வேலூரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஃபீபி எலும்பில் தகடு வைத்து, திருகாணி முடுக்கி, கட்டுப் போட்டு அனுப்பினார். அனுப்பும்போது கண்டிப்பாகச் சில வார்த்தைகள் சொன்னார்.

"இனிமே கிடங்கு வேணாம், வீட்ல இருக்கட்டும். ஏறாதேன்னா கேக்க மாட்டார், பூனையாச்சே. அதனால ஏறுறதுக்குன்னு ஒரு மரம் செஞ்சு குடுத்துடுங்க. தட்டு தட்டா வெச்சு, மேல் தட்டு தரையிலேர்ந்து மூணு அடி. அதுக்கு மேல கூடாது."

"எட்டு" என்றார் நயீம்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னது எட்டு?"

"எட்டடி டாக்டரம்மா. எங்க வூட்டு சீலிங் ஒம்போது. தலை இடிக்காம எட்டு வெச்சுக்கலாம்."

"மூணு."

"சரி, உங்களுக்காக ஏழு."

"பாய், நான் கடை வெக்கல. நல்லா இருக்குற பூனைன்னா ஆறடி, ஏன் அதுக்கு மேலயும் வெச்சுக்கலாம், நடுவுல இறங்கி வர படி இருந்தா போதும். இவருக்குக் கால்ல தகடு. ஏறுறது பெரிய விஷயமில்ல, அதுக்குப் பின்னங்கால் இருக்கு. குதிக்கும்போது மொத்த பாரமும் முன்னங்கால்லதான் எறங்கும். உசரத்துலேர்ந்து ஒரு தடவ குதிச்சாலும் தகடு வளைஞ்சுடும். வளைஞ்சா கால எடுத்துடணும். புரியுதா?"

நயீமுக்குப் புரிந்தது. ஆனால் முப்பது வருடமாக மனிதர்கள் முதலில் சொல்லும் எண்ணை அவர் நம்பியதே கிடையாது. வாயால் சொல்வது ஒன்று, மனதில் இருப்பது ஒன்று, நடுவில் இருப்பதுதான் வியாபாரம் என்று வளர்ந்தவர். 'மூணுன்னு சொல்றாங்கன்னா அஞ்சுக்கு ஒத்துக்குவாங்க' என்று கணக்குப் போட்டுக்கொண்டே காரில் ஏறினார். டாக்டர் பின்னாலேயே வந்து ஜன்னல் வழியாக மிச்சத்தையும் சொன்னார். படிக்குப் படி ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். தட்டில் அவர் புரண்டு படுக்க இடம் வேண்டும். மரம் ஆடாதபடி சுவரோடு முடுக்க வேண்டும். கீழே மெத்தென்று எதையாவது விரிக்க வேண்டும். நயீம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சில்லறை விஷயங்களில் அவர் தகராறு செய்வதில்லை.

வீட்டில் அவர் மனைவி கமருன்னிசா. வாணியம்பாடித் தோல் தரகரின் மகள். புருஷன் சொன்னதைக் கேட்டதும், மூன்றடி வேண்டுமென்றால் மூன்றில் ஆரம்பிக்கக் கூடாது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டடி" என்றார்.

"ரெண்டா? அது இன்னா, ஜமேதாரா இல்ல கோழியா? ஏழு."

"ரெண்டே கால்."

தச்சர் முனிரத்தினம் அளவு நாடாவும் கையுமாக நடுவில் நின்றார். "பாய், இன்னா அளவுன்னு ஒண்ணு சொன்னீங்கன்னா பலகை அறுத்துடுவேன். எனக்கு ஏலகிரில ஒரு வேலை காத்துனு கீது."

வெளியாள் முன்னால் எண்ணைச் சத்தமாகச் சொல்வது தோல் வியாபாரிகளுக்குப் பழக்கமில்லை. நயீம் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். கமருன்னிசா அதற்கடியில் கையை நீட்டினார். ஒரு விரலுக்கு ஓரடி. துண்டு குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது. கமருன்னிசா ஒரு தடவை கையை உருவிக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டார். நயீம் கூப்பிட்டார். அவர் வந்தார். கடைசியில் ஐந்து விரல்கள் சேர்ந்து பிடிபட்டன.

"அஞ்சு" என்று நயீம் அறிவித்தார். ஏழு கேட்டவரை ஐந்துக்கு இறக்கிவிட்டோம் என்று மனைவிக்குப் பெருமை. இரண்டை ஐந்தாக ஏற்றிவிட்டோம் என்று புருஷனுக்குப் பெருமை. இரண்டு பேரும் ஜெயித்த பேரம் அந்தத் தெருவில் அபூர்வம். ஜெயித்த மகிழ்ச்சியில் ஒருவருக்கும் ஒன்று தோன்றவில்லை. டாக்டரும் ஜமேதாரும் அந்தத் துண்டுக்கடியில் கை வைக்கவே இல்லை.

மரம் தயாரானது. தேக்குத் தூண், மூன்றே தட்டு, எல்லாவற்றுக்கும் நயீமின் கிடங்கிலிருந்தே முதல் தரத் தோல் உறை. ஜமேதாரின் கட்டு அவிழ்ந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் நயீம் பத்துப் பேரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அதில் வாணியம்பாடி ஜியாவுல்லாவும் ஒருவர். நயீமின் தோஸ்த், போட்டிக்காரர், சிரிப்பதற்காகவே அவ்வளவு தூரம் வரக்கூடியவர்.

ஜமேதார் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பின்னங்காலை உந்தி ஒரு தாவு, இன்னொரு தாவு, இன்னொன்று. மேல் தட்டில் ஏறி உட்கார்ந்து வாலை முன்னால் சுற்றி வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா!" என்றார் நயீம். அவர் மார்பு ஜிப்பாவை நிறைத்தது. "கால்ல தகடோட! இந்த ஜில்லாவுல காட்டுங்க, இந்த மாதிரி ஒருத்தர!"

"ஏறிட்டாரு சரி பாய்" என்றார் ஜியாவுல்லா. "எப்டி எறங்குவாரு?"

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் கமருன்னிசா கறிச் சட்டியின் மூடியைத் திறந்தார். ஜமேதார் எழுந்தார். கீழே பார்த்தார். அடுத்த தட்டு எட்டாத தூரத்தில் இருந்தது. ஏறுவதற்குச் சரியான இடைவெளி, இறங்குவதற்குக் கிணறு. தகடு வைத்த காலை விளிம்பில் தொங்கவிட்டுப் பார்த்தார், மடக்கிக்கொண்டார். பிறகு நேராகத் தரையைப் பார்த்து உடம்பைப் பின்னால் இழுத்தார்.

'கால எடுத்துடணும்' என்ற டாக்டரின் குரல் நயீமின் காதில் அப்போதுதான் விலையாக இல்லாமல் வார்த்தையாகக் கேட்டது.

"ஜமேதார்! இருங்க! இருங்க!"

பாய்ந்து போய் மரத்தடியில் நின்று, முட்டியில் கை ஊன்றி, குனிந்து முதுகைக் கொடுத்தார். பத்துப் பேருக்கு முன்னால், புது வெள்ளை ஜிப்பாவில். ஜமேதார் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஏழு கிலோவும் நகங்களோடு முதுகில் வந்து இறங்கியது. நயீம் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தார். முட்டி போட்டார், கையை ஊன்றினார், கடைசியில் கவிழ்ந்து படுத்தே விட்டார். ஜமேதார் முதுகிலிருந்து தரைக்கு நடந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போனார்.

"யா அல்லா!" ஜியாவுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு ரூபா எறங்காத மனுசன். இன்னிக்கு அஞ்சடி எறங்கிட்டாரு!"

"சிரிய்யா, நல்லா சிரி" என்று தரையிலிருந்தே சொன்னார் நயீம். "கால் இருக்குதில்ல? அத பாரு."

மறுநாளே முனிரத்தினத்துக்கு ஆள் போயிற்று. இந்த முறை துண்டு விரிக்கப்படவில்லை. மேல் தட்டு மூன்றடி. படிகள் ஒவ்வொன்றும் முக்கால் அடி. தூண் சுவரோடு முடுக்கப்பட்டது. நயீமே கையால் ஆட்டிப் பார்த்தார், தோளால் இடித்துப் பார்த்தார். வழவழப்பான பக்கத்தை மேலே காட்டுவதுதான் தோல்காரரின் கௌரவம். ஆனால் நகத்துக்குப் பிடிமானம் வேண்டும் என்பதால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொரசொரப்பை மேலே போடச் சொன்னார். கீழே கனத்த மெத்தை.

ஜமேதார் வந்தார், முகர்ந்தார், மேல் தட்டில் ஏறினார். சோபாவில் உட்கார்ந்திருந்த நயீமின் முகம் நேரெதிரே தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. இறங்கினார். சோபாவின் கையில் ஏறி, அங்கிருந்து டி.வி. மேசைக்குத் தாவி, அங்கிருந்து பீரோவின் உச்சிக்குப் போய்விட்டார். ஆறரை அடி.

அன்று நயீம் ஸ்டூல் போட்டு ஏறி அவரைத் தூக்கி இறக்கினார். சாயங்காலமும் இறக்கினார். அடுத்த நாள் கமருன்னிசா டாக்டருக்குப் போன் போட்டார். ஃபீபியின் பதில் சுருக்கமாக இருந்தது. "அப்படின்னா எலும்பு சேர்ற வரைக்கும் கூண்டுதாம்மா. வேற வழி இல்ல."

"ஜமேதாரக் கூண்டுலயா?" என்றார் நயீம். "ஊர் சலாம் வெச்ச ஆளு. கூண்டுல போட்டா அவரு கால் சேரும். மனசு ஒடைஞ்சுடும்."

"அப்ப காலு போவட்டுமா?" என்றார் கமருன்னிசா. "மூணு கால்ல சலாம் வாங்குவாரா? பேஜார் பண்ணாம சொல்லுங்க, கூண்டு கொண்டாரச் சொல்லவா?"

நயீம் சாப்பிட உட்கார்ந்தார். அந்த வீட்டில் சாப்பாடு தரையில் துணி விரித்துத்தான். இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தபோது மரத்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது. ஜமேதார் ஒவ்வொரு படியாக ஏறி மூன்றடித் தட்டுக்குப் போனார். அங்கிருந்து இருவரின் உச்சந்தலையையும் பார்த்தார். வாலை முன்னால் சுற்றி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நயீம் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தார். பிறகு எழுந்து போய் சோபாவில் உட்கார்ந்தார். ஜமேதார் கண்ணைத் திறந்தார், எழுந்தார், பீரோவைப் பார்த்தார். நயீம் சட்டென்று தரையில் உட்கார்ந்தார். ஜமேதாரும் உட்கார்ந்தார்.

"கமரு" என்றார் நயீம் மெதுவாக. "அவருக்கு உசரம் வேணாம்மே. நம்மள விட உசரம், அவ்ளோதான் வேணும்."

அன்றைக்கே சோபா கிடங்குக்குப் போயிற்று. நாற்காலிகள், டி.வி. மேசை, பீரோ ஒன்று விடாமல் உள் அறைக்குப் போய் கதவு சாத்தப்பட்டது. கூடத்தில் ஜமக்காளமும் திண்டும் மட்டும். வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று சட்டம். மாமனார் வந்தார், உட்கார்ந்தார். பள்ளிவாசல் செயலாளர் வந்தார், உட்கார்ந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையும் நயீம் உட்காரச் சொல்லி இடுப்பொடித்தார்.

சோதனை ஜியாவுல்லா வடிவில் வந்தது. இத்தாலியிலிருந்து வந்த ஷூ கம்பெனி ஆளை நயீம் வீட்டு பிரியாணிக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தவர், காலையிலேயே போன் செய்தார்.

"தோஸ்த், சோபாவ ஒரு வேளைக்கு உள்ள போட்டுடு. ஆளு ஆறடிக்கு மேல. காலு மடங்காது. பெரிய ஆர்டர் பாரு."

"ஆர்டர் மறுபடி வரும். காலு வராது. ஒக்காந்தா பிரியாணி, நின்னா வெறும் சலாம்."

இத்தாலிக்காரர் வந்தார். விவரத்தை ஜியாவுல்லா பாதி இங்கிலீஷிலும் பாதி கையிலும் விளக்கினார். அந்த நெடிய மனிதர் மரத்தைப் பார்த்தார், மேலே இருந்த ஜமேதாரைப் பார்த்தார், தலை குனிந்து ஏதோ தன் மொழியில் சொன்னார். பிறகு மடக்கு ஏணியைச் சுருட்டுவதுபோலக் காலை ஒவ்வொன்றாக மடித்துக் கீழே உட்கார்ந்தார். உட்கார்ந்தும் அவர் தலை ஜமேதாருக்குச் சமமாக இருந்தது. ஜமேதார் எழுந்து நின்றார். கமருன்னிசா கதவிடுக்கில் மூச்சைப் பிடித்தார்.

"ஜியா, சாயச் சொல்லு!" என்றார் நயீம்.

திண்டு போடப்பட்டது. ஐரோப்பா சாய்ந்தது. ஜமேதார் உட்கார்ந்தார். அப்புறம்தான் கத்திரிக்காயும் பிரியாணியும் வந்தன.

மறு எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஃபீபி விளக்குக்கு நேரே பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். "அருமையா சேந்திருக்கு பாய். நிஜமாவே மூணு அடியிலயே வெச்சிருந்தீங்களா? என்கிட்ட வர்றவங்க யாரும் இதைச் செய்ய மாட்டாங்க. கூண்டு இல்லாம எப்படி?"

"நாங்கதான் கொஞ்சம் எறங்கி ஒக்காந்தோம் டாக்டரம்மா." நயீம் படத்தை வாங்கித் தானும் விளக்குக்கு நேரே பிடித்தார். வெள்ளைக் கோடு போல நேராக நின்ற எலும்பை, முதல் தரச் சரக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எவ்ளோ நேரா இருக்குது பாருங்க. எங்க ஜமேதார் எலும்பு."

"இனி நாலடி வரைக்கும் வெக்கலாம். படி மட்டும் அதே மாதிரி இருக்கட்டும்."

"நாலா?"

"நாலுதான். அஞ்சு கேக்காதீங்க."

"கேக்கல" என்றார் நயீம்.

வீட்டுக்கு வந்ததும் கமருன்னிசா முதலில் ஜமேதாரின் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, பல வாரமாகத் தரையில் உட்கார்ந்து எழுந்த தன் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எத்தினி சொன்னாங்க?"

"நாலு."

அந்த அம்மாள் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்டின்னா நமக்கு ஒரு அடி மிச்சம்."

நயீம் ஏற்கெனவே முனிரத்தினத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "முனிரத்தினம், மேல ஒரு தட்டு ஜாஸ்தி பண்ணணும். அப்டியே ஒரு அடி ஒசரத்துல ஆறு முக்காலி. ஆமாம்பா, மனுசங்களுக்குத்தான்… இன்னாத்துக்கா? ஜமேதாருக்குப் பதவி ஒசந்துடுச்சு. நமக்கும் கொஞ்சம் ஒசந்துச்சு."