கம்பீரமாக ஒரு மூக்கு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றேன் கண்டக்டரிடம். "அடுத்த ஸ்டாப்ல இறங்கி, தலையைத் தூக்கிப் பாருங்க சார்!" என்றார். இறங்கிப் பார்த்தேன். பீடத்தின் மேல் மாநிலத்தின் மாபெரும் மன்னர், அதே மூக்கோடு! திரும்பினால் பேருந்து போய்விட்டது. மீதியை நான்தான் கட்டுகிறேன்.

2

வரலாற்றுப் பெருமிதத்தில் திளைத்த அந்தச் சதுக்கத்திலே—

(வேண்டாம். அங்கே ஒரு பழக்கடையும் சில நாய்களும்தான் இருந்தன.)

மன்னர் போய்ப் பல நூறு ஆண்டுகள். படம் கிடையாது. "முகம் எப்படி இருக்கணும்?" என்று சிற்பி கேட்டார். விழாக்குழு கூடி, கலைந்து, மறுபடி கூடி, "கம்பீரமா" என்றது.

சிற்பி தன் மனைவியின் அக்காள் கணவரை, அதாவது நம் கண்டக்டரை, பட்டறை ஸ்டூல் மேல் ஏற்றினார். சகலைக்குத் தலைகால் புரியவில்லை.*

"தூரத்துல எதிரி வர்றான். கையை நீட்டுங்க சகலை."

நீட்டினார். எதிரியிடம் டிக்கெட் கேட்பதுபோல் இருந்தது. அப்படியே வார்த்தாகிவிட்டது.

* அவர் மனைவிக்குப் புரிந்தது: "போச்சு! இனிமே இவர் சாப்பிட்ட தட்டை எடுக்கமாட்டார்."

3

திறப்பு விழா. நல்லபடி முடிந்தால் மாநிலத்தின் மற்ற மாமனிதர்களின் சிலைகளும் சிற்பிக்கே. ஊர் சிரித்துவிட்டால், பழையபடி துணிக்கடைப் பொம்மைதான்.

"சகலை, இன்னிக்கு டூட்டிக்குப் போயிடுங்களேன்..."

"லீவு போட்டாச்சு! மாமனார், மச்சான், டிப்போ ஆளுங்க, எல்லாரும் முன்வரிசை!"

"வாயையாவது திறக்காதீங்க."

"நான் எதுக்குத் திறக்கணும்? அதான் மூக்கு பேசுமே!"

4

முடிவு ஒன்று: ஊர் கண்டுபிடித்துச் சிரிக்கிறது. (சிற்பி என்னை முறைக்கிறார்.)

முடிவு இரண்டு: ஒருவருக்கும் தெரியவில்லை. டிக்கெட் கிழிக்கிறவர் முகத்தை யார் பார்த்தார்கள்? (முன்வரிசையில் சகலை நிற்கிற நிலையை என்னால் எழுத மு—)

5

விழாக்குழுத் தலைவர் கயிற்றை இழுத்தார். மேளம் முழங்கியது. பட்டுத்துணி சரசரவென்று இறங்கியது. கிரீடம்! நெற்றி! கண்! அப்புறம், மூக்கில் மாட்டிக்கொண்டது. இன்னொரு இழுப்பு. மூக்கு விடவில்லை, நீட்டிய கை மட்டும் வெளியே வந்தது.

மேளம் நின்றது. சிற்பி கண்ணை மூடிக்கொண்டார். சகலை நுனிக்காலில் எழும்பி நிற்கிறார். கூட்டத்தில் ஒருவர், ஏனென்று தெரியாமலே, சட்டைப்பையில் சில்லறை தேடுகிறார்.

தலைவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. இந்தாருங்கள் கயிறு. இழுக்கும்போது சிலையைப் பார்க்காதீர்கள், முன்வரிசையைப் பாருங்கள்.