தோமினிக்கின் தேக்கு

பங்குச் சாமியாருக்கு இருந்த விசுவாசத்தில் பாதியாவது கணக்கறிவு இருந்திருக்கலாம். மேட்டூரில் அணை கட்டத் தொடங்கிய வருஷம், எடப்பாடிக்குத் தெற்கே கோயில் நிலத்தின் ஒரு மூலையில், ஆளுக்கொரு தேக்கங்கன்று என்று ஊரையே இடைவெளியில்லாமல் நடவைத்தார். ஒவ்வொன்றுக்கும் நட்டவர் பெயர். பிற்காலத்தில் கோயிலுக்கு உத்தரம் ஆகும் என்பது அவர் கனவு. பன்னிரண்டு வருஷம் கழித்து ஆகியிருந்ததோ விளக்குமாறு. தேர்க்கூட்டத்தில் எக்கிப் பார்க்கிற ஜனம்போல, வெயிலுக்காகக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

வந்து பார்த்த காட்டிலாகா கார்டு, "கோணலு, நோஞ்சானெல்லாம் பாத்துப் பாதிய வெட்டிப்போடுங்க. இருக்கற தண்ணியும் வெயிலும் மீதிக்குப் பத்தும். இல்லீன்னா அத்தனையும் வெறகுதான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அங்கேதான் வில்லங்கம். பேர் வைத்த மரத்தை வெட்டினால் பேர்க்காரருக்கு ஆயுசு குறையும் என்று ஊர் நம்பியது. ஞானஸ்நானம் வாங்கினால் என்ன, பயம் பழைய பயம்தானே. கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் செபஸ்தியான் வழி கண்டுபிடித்தார்.

"செத்தவிங்க மரத்த வெட்டீரலாமுங்க. அவிங்களுக்கு இனி என்ன வந்துரப் போவுது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஞானமேரி மட்டும் ஆட்டவில்லை. அவள் மகன் தோமினிக் இரண்டு வயதில் கன்று நட்டு, மறுவருஷமே வாந்திபேதியில் போனவன். அவன் விட்டுப்போனது அந்த மரம் ஒன்றுதான். தோப்பிலேயே நெட்டாக, பருமனாக வளர்ந்ததும் அதுதான். உபதேசியாரின் மரமோ கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவன் மாதிரி அதன்மேல் சாய்ந்துகிடந்தது.

மறுநாள் காலை செபஸ்தியான் ஊர் புடைசூழக் கோடாலியோடு வந்தார். ஞானமேரி மரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, கோணலா நிக்கறது உங்க மரந்தானுங்களே?"

"நான் உசுரோட இருக்கறேனே தாயி!"

"மரத்த வெட்டுனா ஆளு செத்துருமுங்களா?"

"ஊரே சொல்லுதல்ல?"

"அப்பறம், மரம் கல்லாட்டம் நிக்கறப்பவே எம்பையன் ஏனுங்க செத்தான்?"

சாமியார் செபமாலையைப் பார்த்துக்கொண்டார்.

அவள் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு நேரே புருஷன் ஆரோக்கியத்தின் மரத்துக்குப் போனாள். கைப்பருமன்கூட இல்லாத நோஞ்சான்.

"அடியே, என்னைய ஒரு வார்த்த கேக்க மாட்டயா!" என்று ஆரோக்கியம் அலறினான்.

நாலு வெட்டில் சாய்ந்தது. ஊர் மரத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தது. அவன் நெஞ்சைத் தடவினான். மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தான். பிறகு வெட்கத்தோடு, "ஊட்டுல கஞ்சி இருக்குதா?" என்று கேட்டான்.

அடுத்து உபதேசியாரின் மரம். அவர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். அது விழுந்ததும், தோமினிக்கின் தேக்குமேல் வெயில் அடிமரம்வரை இறங்கியது. ஞானமேரி கோடாலியைப் போட்டுவிட்டு அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இனி வயிறாரத் தின்னு, சாமி," என்றாள்.