கட்டாரிலிருந்து வருபவன்

சண்டிலிப்பாய்ச் சந்திக் கடையில் அருமைநாயகி பெரிய பையாகப் பார்த்துச் சொக்லேற் வாங்கினாள். "மோன் கட்டாரிலையிருந்து வாறானோ?" என்று கடைக்காரர் கேட்க, "ஓம், கெதியா வந்திடுவான்" என்று வாய் கூசாமல் சொன்னாள். வெளிநாட்டு ஆள் வந்த வீட்டுக்கு அந்தக் குறுந்தெருவின், ஒழுங்கையின், பிள்ளைகள் சொக்லேற்றுக்கு ஓடி வருவார்களே!

மகன் வாகீசன் விமானமே ஏறியதில்லை. பருத்தித்துறையில் அறையெடுத்து ரியூசன் கொடுத்தவன், படிக்க வந்த சிறுமியைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கிச் சிறையில் இருக்கிறான். கட்டார் என்பது தாய் கட்டிய கதை.

கேற் சத்தம் கேட்டால் அவன்தானோ என்று எழுந்து ஓடுவாள். அவன் செய்ததை நினைத்தால் நெஞ்சு எரியும். அவனை நினைத்தால் அதே நெஞ்சு உருகும். பெற்ற மனம் வேறென்ன செய்யும்?

விடுதலை நெருங்கியது. அவனை வீட்டுக்கு அனுப்பலாமா என்று மதிப்பிட, அவனுக்குச் சிகிச்சை அளித்த உளவளத்துணையாளர் டிலக்ஷி தாயையும் சிறைக்கு அழைத்தாள். மகனும் பக்கத்தில் இருந்தான்.

"அம்மா, வீட்டுக்கு ஆர் ஆர் வந்து போவினம்?"

"ஆருமில்லை பிள்ளை. ஒழுங்கைச் சின்னனுகள் மட்டும் சொக்லேற்றுக்கு வருங்கள். இவன் கட்டாரிலை எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறன்."

வாகீசனின் முகம் வெளிறிப்போயிற்று.

"அம்மா, பிள்ளையளைக் கூப்பிடாதேங்கோ. பிழை அந்தப் பிள்ளையிலை எண்டு கனநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சன். இஞ்சை கதைக்கத் தொடங்கின பிறகுதான், செய்தது நான் எண்டு விளங்கினது. என்னை நானே இன்னும் நம்பேல்லை."

"அப்ப நீ வீட்டை வரமாட்டியோ, தம்பி?" என்று தாய் மகனின் பக்கம் திரும்பினாள்.

"வெளியிலையும் சிகிச்சை தொடரவேணும், கண்காணிப்பும் வேணும்" என்றாள் டிலக்ஷி. "உண்மை தெரியாத ஊரிலை ஆர் பிள்ளையளைக் காப்பினம், அம்மா?"

அருமைநாயகி மகனின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் அழுதாள். பிறகு, "இப்ப வரவேண்டாம் பிள்ளை" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

பின்னேரம் வீடு திரும்பியபோது முன்வீட்டு ஆரணி மகளோடு கேற்றடியில் நின்றாள்.

"மாமி, அண்ணை எப்ப வாறார்?"

அருமைநாயகி சிறுமியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ஆரணி திகைத்துப்போனாள்.

"இதை ஏன் மாமி என்னட்டைச் சொல்லுறியள்?"

"அவன் வரவேணுமெண்டு உயிர் துடிக்குது, பிள்ளை. ஆனா பெத்த பாசத்திலை குற்றத்தை மூடி வைச்சா அவனும் திருந்தமாட்டான்; நாளைக்கு அழப்போறது உன்ரை பிள்ளையெல்லோ!"