லாரி டிரைவர் வேஷம்

அறுபத்திரண்டாம் வருஷம் நாமக்கல் பொருட்காட்சியில் மாறுவேடப் போட்டி நடந்தது. வசந்தாமணி தன் அண்ணனின் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு லாரி டிரைவராக வந்தாள். மேடைப் படியில் பொறுப்பாளர் மறித்தார்.

"பொம்பளைக ஆம்பளை வேஷம் போடக் கூடாதுங்கறது விதியம்மா. போய்ச் சேலை கட்டிட்டு வா."

மேடையில் மளிகைக்கடைத் தங்கசாமி ஜரிகைச் சேலையில் ராணியாக நடந்துகொண்டிருந்தார்.

"அவரு மட்டும் சேலை கட்டலாமுங்களா?"

"அது வேடிக்கைக்கு."

"நான் வேடிக்கைக்குப் போடலீங்க. நெசமாவே லாரி ஓட்டோணும்னு ஆசைங்க."

பொறுப்பாளரை விலக்கிவிட்டு மேடையேறினாள். கைகளால் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பி, வாயாலேயே ஹாரன் அடித்தாள். கூட்டம் விசிலடித்தது. போட்டியிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

வசந்தாமணி உடை மாற்றவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் கியர் போடுவதையே வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போனாள்.